யாரும் தள்ளாத மூட்டை

என் வயதுக்காரிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது உங்களுக்குத் தெரியும். எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். பரவாயில்லை, மெதுவாகவே எழுதுகிறேன். இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டு இருந்தவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆனால் என்ன?

போன மாதம் நம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு எல்லாரும் வந்திருந்தோம். கொழும்பில் மகன் வீட்டில் இருக்கிறவள், கந்தப்பளையில் மருமகளோடு மல்லுக்கட்டுகிறவள், டயகமவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள், ஒருத்தி பாக்கியில்லை. தேர் வரும்வரை கோயில் படியில் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் என் சித்தப்பா மகள், எனக்குத் தங்கச்சி, என் பேத்தியைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"ஒங்க அம்மாச்சிக்கு நாங்க என்னா பேரு வச்சிருந்தோம் தெரியுமா? மலைதள்ளி!"

நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்து வைத்தேன். கோயில் வாசலில் முகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார முடியுமா? ஆனால் அவள் அதோடு நிறுத்தினாளா?

"ஒங்க பூட்டன் குடிச்சிட்டு கொழுந்து மூட்டைய எங்க அப்பா மேல தள்ளிவிட்டுட்டாரு. தோள்பட்டை போச்சி. கேட்டா இவ சொல்றா, எங்க அப்பா தள்ளல, மலைதான் தள்ளுச்சின்னு! ஆபீஸ் வாசல்ல வச்சி, தொரைக்கு முன்னால!"

மறுபடியும் சிரிப்பு. பேத்தி என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை என் அப்பாவைக் கண்டதில்லை. ஒரு போட்டோகூட எங்களிடம் கிடையாது. அவரைப் பற்றி அவள் காதில் விழுந்த முதல் செய்தி, தம்பியின் தோளை உடைத்த குடிகாரன் என்பது. இதை நான் விடுவேனா?

நம் தோட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், பிள்ளைகள் படித்தால் விளங்கட்டும். பெரிய சட்டி ஒன்றை நிமிர்த்தி வைத்த மாதிரி இருக்கும். சுற்றிலும் மலை. சட்டியின் அடியில் ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை. நாம் குடியிருந்த வரிசை வீடுகள், நம் லயங்கள், பாதிச் சரிவில். மழைத் தண்ணீர், பனி, சேறு, கைதவறிய உருளைக்கிழங்கு, அறுந்த செருப்பு, எல்லாம் அந்த அடியைப் பார்த்துத்தான் போகும். ஊற்று கொட்டுகிற பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது குடம் நழுவினால் அழுவதில் பயன் இல்லை. நேராக ஸ்டோருக்குப் போய்த் தேட வேண்டும். இறங்குவதற்கு யாருக்கும் யாருடைய தயவும் தேவைப்படாது. ஏறுவதற்குத்தான் நெஞ்சு வேண்டும்.

அந்த வருஷம் சித்திரை மழை நன்றாகப் பெய்து கொழுந்து முட்டிக்கொண்டு வந்தது. பெரியவர்கள் விடிந்தால் மலைக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்கூடம் லீவு. நமக்கு அந்தத் தகரம் இருந்தது. ஞாபகம் இருக்கிறதா? காற்றில் பிய்ந்து வந்த லயத்துக் கூரைத் தகரம். ஒரு முனையை யாரோ சுருட்டி விட்டிருந்தார்கள், காலை முட்டுக்கொடுக்க வசதியாக. துருவின் வாசமும் நனைந்த புல்லின் வாசமும் சேர்ந்து நம் பாவாடையெல்லாம் அடிக்கும்.

லயத்துக்குப் பின்னால் இருந்த புல் சரிவில் அந்தத் தகரத்தில் உட்கார்ந்து சறுக்குவோம். கீழே தண்ணீர் போகிற கான். சவுக்கு மரத்தடியிலிருந்து சறுக்கினால் கானுக்கு முன்னாலேயே புல்லில் நின்றுவிடும். அதற்கு மேலே இருந்த பாறையிலிருந்து சறுக்கினால் நிற்காது. பாறைக்குப் போகக் கூடாது என்று நமக்குள் சட்டமே இருந்தது. யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை. உடம்பு சொல்லிக்கொடுத்தது. ஒல்லிக்குச்சி சறுக்கினாலும் சரி, அடுத்த லயத்துக் குண்டுப்பெண் சறுக்கினாலும் சரி, எங்கிருந்து புறப்பட்டாள் என்பதுதான் கணக்கு.

தங்கச்சிக்கு மட்டும் சட்டம் கிடையாது. ஒரு நாள் பாறைக்குத் தகரத்தை இழுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள். நாம் "வேணாண்டி, வேணாண்டி" என்று கத்த, காற்று மாதிரி வந்தாள். கான் கல்லில் நாடி இடித்து வாய் நிறைய இரத்தம்.

சித்தி, கொழுந்து பறிக்கும்போது கட்டுகிற படங்குச் சாக்கை இடுப்பில் கட்டியபடியே ஓடிவந்தார். வந்ததும் என்னைத்தான் பார்த்தார்.

"எவடி எம்புள்ளைய தள்ளிவிட்டது?"

தங்கச்சி இரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "யாரும் தள்ளலம்மா. பாறையிலேருந்து வந்தேன். அதான்."

"பாறையில இருந்தா வந்த? கொழுப்பு!" என்று முதுகில் ஒன்று வைத்து, காயத்தில் காப்பித்தூளை அப்பினார். விசாரணை அவ்வளவுதான். பாறையிலிருந்து வந்தேன் என்றதும் சித்திக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதற்கப்புறம் ஒரு கேள்வி கேட்கவில்லை. தகரம் சித்தியின் கோழிக்கூட்டுக்குக் கூரையாகப் போனது, அதுதான் எனக்குப் பெரிய துக்கம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிக் கம்பிக்கு வருகிறேன்.

மலையில் பறித்த கொழுந்தை ஸ்டோருக்கு இறக்கக் கம்பி இருந்தது. மேலே ஒரு கொட்டகை, கீழே ஸ்டோர் வாசலில் நட்ட ஒரு கட்டை, இரண்டுக்கும் நடுவே முறுக்குக் கம்பி. மூட்டையை உருளை வைத்த கொக்கியில் மாட்டி விட்டால் தானாக இறங்கும். மெஷின் கிடையாது, எண்ணெய் கிடையாது. கீழே கட்டையில் வைக்கோல் அடைத்த சாக்குகளை மெத்தை மாதிரி கட்டியிருப்பார்கள். மூட்டை அதில் மோதி நிற்கும். மேலே மூட்டை மாட்டுவது என் அப்பா. கீழே கழற்றுவது என் சித்தப்பா. அண்ணன் தம்பி இருவருக்கும் பேச்சே கம்பி வழியாகத்தான். அப்பா கல்லால் கம்பியைத் தட்டுவார்; 'அனுப்பட்டுமா' என்று அர்த்தம். கீழே சித்தப்பா திருப்பித் தட்டுவார். 'அனுப்பு' என்று அர்த்தம். மத்தியானம் அப்பாவுக்கு ரொட்டியும் பால் கலக்காத சாயத் தண்ணீரும் கொண்டுபோகும்போது நான் கம்பியில் காதை வைத்துக்கொள்வேன். ஐஸ் மாதிரி குளிரும். மூட்டை இறங்க இறங்க ஒரு ரீங்காரம் ஏறிக்கொண்டே போகும். அடியில் மோதும்போது சட்டென்று நிற்கும்.

அந்த வருஷம் தோட்டத்தை நடத்தப் புதுத் துரை வந்தார். மலை முகட்டுக்கு அந்தப் பக்கச் சரிவிலும் நல்ல கொழுந்து இருந்தது. இரண்டு பக்கக் கொழுந்தும் ஒரே இடத்தில் சேரட்டும் என்று கொட்டகையைப் பாதி மலையிலிருந்து பிடுங்கி முகட்டில் கொண்டுபோய் வைத்தார். கம்பியும் நீண்டது. பூசாரி எலுமிச்சம்பழம் கட்டி, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். கீழே இருந்த கட்டையையும் வைக்கோல் மெத்தையையும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் நாளே ரீங்காரம் வேறு மாதிரி இருந்தது. ஊளையிட்டது. அப்பா, வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளையிடம் சொன்னார், நான் பக்கத்தில் இருந்தேன்.

"ஐயா, மூட்டை ரொம்ப வேகமா போவுதுங்க. கீழ மெத்தை தாங்காதுங்க."

"அமுக்கி அமுக்கி கட்டுறீங்க, வேகமா போவாம என்னா செய்யும்? பாதி மூட்டையா கட்டு."

பாதி மூட்டையாகக் கட்டினார்கள். அதுவும் அதே ஊளையோடுதான் போனது. இரண்டு நாளில் கொழுந்து கொட்டகையில் குவிந்து சூடேறத் தொடங்கியதும், பழையபடி முழு மூட்டையே கட்டச் சொல்லிவிட்டார் கணக்கப்பிள்ளை. அப்பா மறுபடியும் போய்ச் சொன்னார். "கம்பி கட்டுன தொரைக்கு தெரியாதா, ஒனக்கு தெரியுமா?" என்றார் அவர். அதற்கு மேல் ஒரு தொழிலாளி என்ன பேசுவது?

இதற்கு நடுவில்தான் ஆட்டுச் சங்கதி. சித்தப்பாவின் வெள்ளாடு கயிறு அறுத்துக்கொண்டு வந்து, அப்பா லயத்துக்குப் பின்னால் போட்டிருந்த லீக்ஸ் பாத்தியை ஒரே காலையில் மொட்டையடித்துவிட்டது. அப்பா லயமே கேட்கக் கத்தினார்: "ஒன்னைய ஒரு நாளைக்கு வச்சிக்கிறேன்டா!" சித்தப்பா, "ஆட்டுக்கிட்ட சொல்லுண்ணே, எங்கிட்ட ஏன் சொல்ற" என்றார். அதற்கு அப்பாவே சிரித்துவிட்டார். அன்று சாயங்காலம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கள்ளு குடிக்கப் போனார்கள். சிரித்ததும் ஒன்றாகப் போனதும் ஒருவர் நினைவிலும் நிற்கவில்லை. கத்தியது மட்டும் நின்றது.

அது நடந்த நாள் நான் கொட்டகையில் இருந்தேன். அப்பா மூட்டையை மாட்டினார். மூட்டை புறப்படாமல் இருக்க ஒரு மர ஆப்பு உண்டு. கம்பியைத் தட்டினார். கீழே இருந்து தட்டு வந்தது. ஆப்பை உருவினார். மூட்டையின் மேல் அவர் கைகூடப் படவில்லை. படத் தேவையில்லை, முகட்டின் சரிவில் ஆப்பை எடுத்தால் அது நிற்குமா? எனக்குச் சாயத் தண்ணீரை ஊற்றச் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். நான் காதை வைத்திருந்தேன். ஊளை ஏறியது, ஏறியது. பிறகு நின்றது. நின்ற பிறகு கம்பி நடுங்கிக்கொண்டே இருந்தது. அப்படி ஒரு நாளும் நடுங்கியதில்லை. அப்பா கல்லை எடுத்துத் தட்டினார். பதில் இல்லை. இன்னும் பலமாகத் தட்டினார். பிறகு கல்லைப் போட்டுவிட்டு மலையிறங்கி ஓடினார்.

மூட்டை மெத்தையைக் கிழித்து, கட்டையைப் பெயர்த்து, சித்தப்பாவை ஸ்டோர் தூணோடு சேர்த்து நசுக்கியிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது ஸ்டோர் வாசல் முழுக்கக் கொழுந்து. எல்லாரும் மிதித்து மிதித்துப் பச்சை வாசம் மூக்கை அடைத்தது. இன்றைக்கும் நசுங்கிய பச்சைக் கொழுந்து வாசம் வந்தால் எழுந்து வேறு பக்கம் போய்விடுவேன். அப்பா தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "தட்டுனியேடா, நீ தட்டுனியேடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சித்தி அவரைப் பிடித்துத் தள்ளினார்.

"வச்சிக்கிறேன்னு சொன்னீங்களே, வச்சிக்கிட்டீங்களா!"

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்க அது உண்மையாகிவிட்டது.

ஆபீஸ் வாசலில் விசாரணை. துரை நாற்காலியில், கணக்கப்பிள்ளை பக்கத்தில், தொழிற்சங்கத்துத் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு. துரை முதலும் கடைசியுமாகக் கேட்டது, "நீ குடிச்சதா?" என்பதுதான்.

"நேத்து அந்தியில குடிச்சேங்க. வேலையில குடிக்கலங்க. ஐயாகிட்ட மொதல்லயே சொன்னேங்க, மெத்தை தாங்காதுன்னு."

கணக்கப்பிள்ளை முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "அப்படி ஒன்னும் சொல்லலைங்க தொர. இவங்களுக்குள்ள ஏதோ ஆட்டுச் சண்டை."

அப்போதுதான் நான் கூட்டத்துக்குள் புகுந்து போனேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

"எங்க அப்பா தள்ளல. நான் பாத்தேன். கொட்டகைய மேல கொண்டுபோயிட்டீங்க. மலைதான் தள்ளுச்சி."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும். துரைக்குக் கணக்கப்பிள்ளை மொழிபெயர்த்துச் சொன்னதும் துரையும் சிரித்தார். தலைவர் என் தலையைத் தடவி, "புள்ள அப்பனுக்காகப் பேசுது, பாவம்" என்றார். நமக்காகப் பேசச் சந்தா வாங்குகிற ஆள்! அவரும் சின்ன வயதில் தகரத்தில் சறுக்கியவர்தானே? கூட்டத்தின் ஓரத்தில் நீங்களும் நின்றீர்கள். உங்கள் முழங்காலில் தகரத்தில் சறுக்கிய காயம் காய்ந்துகூட இருக்கவில்லை. நீங்களும் சிரித்தீர்கள். 'மலைதள்ளி' அங்கே பிறந்த பேர்.

அப்பாவைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டார்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போட்டார்கள். அதுகூடப் பெரிதில்லை. அடுத்த வாரம் துரையின் ஆட்கள் வந்து கம்பியின் கீழ் நுனியைக் கழற்றி, உயரமான கட்டையில் கட்டினார்கள். மூட்டை அடிக்கு வந்து, அங்கிருந்து கொஞ்சம் மேலே ஏறி, ஏறும்போதே வேகம் குறைந்து, மெத்தையைத் தொட்டு நிற்கும்படி. அதற்குப் பிறகு அந்தக் கம்பி ஒருவரையும் ஒன்றும் செய்யவில்லை.

கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். குற்றம் என் அப்பாவின் கையில் இருந்தது என்றால், கம்பியின் நுனியை ஏன் உயர்த்தினார்கள்? தம்பி மேல் கோபம் என்றால், கோபத்துக்குக் கட்டை மாற்றுவார்களா? துரைக்குத் தெரியும். தெரிந்துதான் சத்தம் இல்லாமல் கம்பியைத் திருத்தினார். அப்பா பேரைத் திருத்த வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. புதுக் கட்டையை நாம் எல்லாரும் போய் வேடிக்கை பார்த்தோம். ஒரு பெரியவர் வாயிலிருந்தும், 'அடடா, அப்ப அவன் தள்ளல' என்று வரவில்லை. என் அம்மாவே ஒரு சண்டையில், "குடிச்சிட்டு கூடப்பொறந்தவன ஒடைச்ச ஆளுதானே" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னார். அப்பா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு ஒரு நாளும் என்னை, 'நீ பாத்தல்ல, சொல்லு' என்று அவர் கேட்டதில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அப்பா இறந்தபோது சித்தப்பா வந்தார். பாடைக்குத் தோள் கொடுக்க முடியாத தோள். மற்றவர்கள் தூக்க, நல்ல கையால் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். "நீ விடு, நாங்க பாத்துக்கிறோம்" என்று யாரோ சொன்னார்கள். அவர் விடவில்லை. சுடுகாடு வரைக்கும் விடவில்லை. அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

திருவிழா முடிந்து வீட்டுக்கு வந்ததும் பேத்தி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பல்கலைக்கழகம் போக ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறவள், பௌதிகவியல் புத்தகத்தைச் சத்தம் போட்டு வாசித்துக்கொண்டிருந்தாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஒரு பொருளை உயர்த்தினால், உயர்த்துவதற்கு நாம் போட்ட பலம் காணாமல் போகாதாம். உயரத்திலேயே காத்துக் கிடக்குமாம். விட்டால் வேகமாக மாறி வெளியே வருமாம். அழுத்த சக்தி என்று அதற்குப் பேராம்.

"திருப்பி வாசி" என்றேன்.

வாசித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, பெட்டியிலிருந்து பழைய கம்பளியை எடுத்தாள். மழையில் அப்பா தலையில் போட்டுப் போன கம்பளி, அவருடையது என்று மிஞ்சியது அது ஒன்றுதான். நாலு முனையையும் நாற்காலிகளில் கட்டி, நடுவில் அம்மிக் குழவியை வைத்தாள். கம்பளி பள்ளமாக இறங்கியது. ஓரத்தில் ஒரு நெல்லிக்காயை வைத்து விரலை எடுத்தாள். அது உருண்டு போய்க் குழவியில் முட்டியது.

"பூமி, சூரியன், எல்லாப் பெரிய சாமானும் தன்னைச் சுத்தி இப்படி ஒரு பள்ளம் வச்சிருக்கு அம்மாச்சி. ஈர்ப்புக் கிணறுன்னு சொல்லுவாங்க. நம்ம எல்லாரும் பூமியோட பள்ளத்து அடியிலதான் இருக்கோம். சந்திரனுக்குப் போறவங்களும் மொதல்ல இந்தக் கரைய ஏறணும்."

"நெல்லிக்காய யாரு தள்ளுனது?"

"யாரும் தள்ளல. பள்ளம் இருக்கு, மேல இருந்துச்சு, வந்துருச்சு. எவ்வளவு மேல இருந்து வருதோ அவ்வளவு வேகம்."

"இது எப்ப கண்டுபுடிச்சது?"

"அய்யோ, அது பழைய காலத்துலயே அம்மாச்சி. வெள்ளைக்காரங்க இங்க தேயில போடுறதுக்கு முந்தியே."

கீரையை அப்படியே வைத்துவிட்டேன். அப்படியென்றால் துரை படித்திருக்கிறார். கோட்டுப் போட்டு, பள்ளிக்கூடத்தில் இதை எழுதித்தான் பாஸ் ஆகியிருக்கிறார். பரீட்சைத் தாளில் மலை தள்ளும், ஆபீஸ் வாசலில் மட்டும் தொழிலாளிதான் தள்ளுவானா? என் வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

இன்னொன்றும் யோசித்தேன். அந்த மூட்டைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? பழைய கொட்டகை பறிக்கிற இடத்துக்குக் கீழே, பாதி மலையில் இருந்தபோது நம் அம்மாக்கள் கொழுந்தோடு இறங்கித்தான் போனார்கள். முகட்டுக்கு மாற்றிய பிறகு கூடையைச் சுமந்து மேலே ஏறினார்கள், மூச்சு வாங்கி, நெற்றிக் கயிறு மண்டையை அறுக்க. அந்தப் பலம்தான் முகட்டில் காத்துக் கிடந்தது. அதில் என் அம்மா ஏற்றியதும் உண்டு, சித்தி ஏற்றியதும் உண்டு. சித்தப்பாவின் தோளில் வந்து இறங்கியது அது. அப்பா உருவியது ஒரு ஆப்பு, அதுவும் கீழே இருந்து தம்பி தட்டிய பிறகு.

தங்கச்சி, இனி உனக்கு மட்டும் சொல்கிறேன். கோயில் படியில் நீ தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாயே, அப்போது உன் நாடிக்குக் கீழே அந்தத் தழும்பு தெரிந்தது. தோல் சுருங்கின பிறகும் அது மறையவில்லை. கான் கல் வைத்த தழும்பு. அன்றைக்கு உன் அம்மா என்னைத்தான் முறைத்துப் பார்த்தார். நீ மட்டும் ஒரு பொய் சொல்லியிருந்தால் என் தோலை உரித்திருப்பார். நீ சொல்லவில்லை. வாயில் இரத்தத்தோடு உள்ளதைச் சொன்னாய். ஒரே வார்த்தையில் உன் அம்மா நம்பினார். நானும் அதே வார்த்தையைத்தானடி ஆபீஸ் வாசலில் போய்ச் சொன்னேன்? உன் வாயிலிருந்து கேட்டதைத்தானே சொன்னேன்?

அடுத்த திருவிழாவுக்கு நான் இருப்பேனோ, நீ இருப்பாயோ. இருந்தால், அதே படியில், அதே பேத்தியை நானே கூட்டிக்கொண்டு வந்து உன் பக்கத்தில் உட்காரவைப்பேன். மலைதள்ளி என்றே கூப்பிடு, எனக்கு அந்தப் பேரில் வெட்கம் இல்லை. கூப்பிட்டுவிட்டு, உன் நாடியைத் தூக்கி அந்தத் தழும்பைப் பிள்ளைக்குக் காட்டு. யார் தள்ளியது என்று அவள் கேட்பாள். அன்றைக்கு உன் அம்மாவுக்குச் சொன்னதையே அவளுக்கும் சொல்.